ஷட்டரை இறக்கின பிறகு அந்தத் தெருவுக்கு நாம யாரு?

பழைய கல்லா (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தொழில் பிரிவில் போடுவதா, பொதுப் பிரிவில் போடுவதா என்று குழம்பிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

17 வருஷம் ஒரே தெருவில் உணவகம் நடத்தினேன். 36 இருக்கை. ஆறு மாதத்துக்கு முன் கைமாற்றிவிட்டேன். நஷ்டம் எதுவும் இல்லை, முழங்கால்தான் போய்விட்டது. வாங்கியவர் நல்ல மனுஷர், பேசியதைப் பேசியபடி கொடுத்தார். சண்டை சச்சரவு கிடையாது.

ஆனால் அந்தத் தெரு வழியாகப் போக முடியவில்லை. என் பேருந்து நிறுத்தம் தெருமுனையில் இருக்கிறது. நான் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன், அதே முழங்காலை வைத்துக்கொண்டு.

கடையில் இருந்தபோது ஒரு நாளைக்கு இருநூறு பேரிடமாவது ஒரு வார்த்தை பேசியிருப்பேன். "வாங்க", "உள்ள ஃபேன் காத்து வரும், அங்க உக்காருங்க", "பையன் பரீட்சை எப்படி எழுதினான்". இப்போது சில நாள் சாயங்காலம் ஆன பிறகுதான் உறைக்கிறது, காலையிலிருந்து வீட்டில் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று.

முதல் மாதம் போன் நிறைய வந்தது. "என்னண்ணே சொல்லாம கொள்ளாம போயிட்டீங்க" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். இப்போது வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். நானாகக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்ன பேசுவது? இத்தனை வருஷமும் பேச்சுக்கு நடுவில் ஒரு தட்டு இருந்தது. தட்டு இல்லாமல் பேசிப் பழக்கமில்லை.

சாவிக்கொத்தில் பழைய ஷட்டர் சாவி இன்னும் கிடக்கிறது. அவர் பூட்டையே மாற்றிவிட்டார், எனக்கே தெரியும். கழற்றத்தான் கை வரவில்லை.

கடையை விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பழைய தெருவோடு தொடர்பு வைத்திருக்கிறீர்களா? எப்படி?

---

ரெண்டாம் பந்தி

வச்சுக்க வேண்டாம்ணே. நான் விட்டு 9 வருஷம் ஆச்சு, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசல்ல தினம் போய் நின்னா நல்லாவா இருக்கும்? அவங்க குடும்பம் நடத்தட்டும். நீங்க முழங்காலுக்கு வைத்தியம் பாருங்க.

---

முதலாளி மக

பந்தி அண்ணா, கட்டிக்கொடுத்த பொண்ணு திரும்பி வந்து "எப்படிப்பா இருக்கே"ன்னு கேப்பா. கடை கேக்காது. உதாரணம் சரியில்ல. (நான் அப்புறம் விளக்கமா எழுதுறேன், இப்ப வேலையில இருக்கேன்.)

---

ஈரத்துணி

கல்லா அண்ணா, உங்களுக்குக் கடைசி நாள்னு ஒண்ணு இருந்துச்சு. அதுவே கொடுப்பினைதான்.

எங்களுக்கு அது கிடைக்கல. 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. கொஞ்ச நாள்ல எங்க ஷட்டர் இறங்குச்சு. ரெண்டு வாரத்துல திறந்துடலாம்னுதான் இறக்கினோம், அப்புறம் ஏத்தவே இல்ல. கடைசியா சாப்பிட்டுப் போனவர் யாருன்னு நானும் வீட்டுக்காரரும் இப்பவும் வாக்குவாதம் பண்ணுவோம். அவர் ஒருத்தரைச் சொல்லுவார், நான் இன்னொருத்தரைச் சொல்லுவேன்.

வீட்டுக்கு எடுத்துட்டு வந்த சாமான்ல பாக்கி நோட்டும் இருந்துச்சு. மாசச் சாப்பாட்டுக்காரங்க, "நாளைக்குத் தர்றேன்கா"ன்னு சொன்னவங்க, எல்லாம் சேர்த்து 61 பேர். பத்து மாசம் அதைத் தொடல. ஒரு நாள் எடுத்து வரிசையாப் போன் போட ஆரம்பிச்சேன். வசூல் பண்ற நினைப்பே இல்ல. "கணக்கை முடிச்சுடலாம்னு கூப்பிட்டேன்"னு சொன்னா பேச்சு தானா நீளும்னு ஒரு கணக்கு. நீண்டுச்சு. ஒருத்தர் அப்பவே குடுத்துட்டேன்னு சண்டைக்கு வந்தார், சண்டை முடிஞ்சு முக்கால் மணி நேரம் பேசினார். ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாங்க. மூணு பேருக்கு வேற யாரோ எடுத்தாங்க. அவங்க இல்லைங்கிறது அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பேர்கள்ல நான் கோடு போடல, இன்னும் அப்படியே இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். எங்க பழைய தெருவுக்குப் பின்னால ஒரு பூங்கா இருக்கு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியிலேர்ந்து ஆறரை வரைக்கும் அங்க ஒரே பெஞ்சுல உக்காந்திருப்பேன். யாரையும் கூப்பிடுறது இல்ல, யார் வரீங்கன்னு கேக்கிறதும் இல்ல. ஏன்னா கடைக்கு வர்றதுக்கு யாரும் எங்கிட்ட நேரம் கேட்டு வாங்கினதில்ல. கதவு திறந்திருக்கும்னு தெரியும், வந்தாங்க, அவ்வளவுதான். அந்த "திறந்திருக்கும்"ங்கிறதை மட்டும் நான் கையோட கொண்டு வந்துட்டேன். சில மாசம் எட்டு பேர் வருவாங்க. மழை பெஞ்ச மாசம் நான் மட்டும் குடையோட உக்காந்திருந்தேன்.

---

நூலகத்து மூலை

ஈரத்துணி அக்கா, "கதவு திறந்திருக்கும்" என்பது ரொம்பச் சரியான இடம். ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் "மூன்றாம் இடம்" என்ற கருத்தை எழுதினார். வீடு முதல் இடம், வேலை இரண்டாம் இடம், அழைப்பில்லாமல் போய் உட்கார்ந்து பேசக்கூடிய காபிக்கடை, முடிதிருத்தகம் மாதிரியானது மூன்றாம் இடம். அங்கே பேச்சுதான் முக்கிய வேலை, பெரியவர் சின்னவர் கிடையாது, வழக்கமாக வருகிறவர்கள்தான் அந்த இடத்தின் களையைத் தீர்மானிப்பார்கள் என்பார்.

ஆனால் இதில் ஒரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் எண்ணம். வாடிக்கையாளருக்கு மூன்றாம் இடமாக இருப்பது முதலாளிக்கு இரண்டாம் இடம். அவர்கள் இளைப்பாறின இடத்தில் நீங்கள் வேலை பார்த்தீர்கள். கடை கைமாறினதும் அவர்களுக்கு இன்னொரு மூன்றாம் இடம் கிடைத்துவிடும். உங்களுக்கு வேலையும் போய், அந்த வேலையோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்த சனமும் போய்விடுகிறது. 17 வருஷம் தெருவுக்கே திண்ணை போட்டுக்கொடுத்தவர், தனக்கென்று ஒரு திண்ணை வைத்துக்கொள்ளவில்லை.

ஹெலன் ரோஸ் எபா என்பவர் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். அவர் முன்னாளில் கன்னியாஸ்திரி, பிறகு சமூகவியலாளர். மடத்தை விட்டவர்கள், மருத்துவத்தை விட்டவர்கள், மணமுறிவு பெற்றவர்கள் என்று ஒரு பாத்திரத்தை விட்டு வெளியேறிய 185 பேரிடம் பேசி 1988இல் எழுதினார். வெளியேறுவது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. சந்தேகம் வருவது, மாற்று தேடுவது, திருப்புமுனை, கடைசியாக "முன்னாள்" என்கிற ஆளாகவே வாழப் பழகுவது என்று நான்கு கட்டம் வைக்கிறார். அந்தக் கடைசிக் கட்டத்தில் பழைய அடையாளத்தின் மிச்சம் தலைவலி மாதிரி தங்கியிருக்கும் என்கிறார். உங்கள் சாவிக்கொத்தில் தொங்குவது அதுதான்.

---

ரெண்டாம் பந்தி

அண்ணன் கேட்டது வழி. நீங்க குடுத்தது பாடம்.

---

நாலாம் டேபிள்

நான் கடைக்காரன் இல்லை, சாப்பிடப் போனவன். இந்த இழையில் எழுதலாமா தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் நான் 11 வருஷம் சாப்பிட்ட உணவகம் போன வருஷம் கைமாறியது. பழைய முதலாளி பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் அவர் "ஓட்டல் அண்ணன்". என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த 19 நாளும் இரவு பத்தரைக்கு மேல் எனக்காக ஒரு பார்சலை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தார்.

மூன்று மாதம் முன்னால் அவரைத் தெருவில் பார்த்தேன். என் கையில் புதுக்காரரிடம் வாங்கின பார்சல். சட்டென்று மருந்துக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். எனக்கு மருந்தே வேண்டாம். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் போன பிறகு வெளியே வந்தேன். அவருக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

கல்லா ஐயா, நீங்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குகிறீர்கள். நாங்கள் மருந்துக்கடைக்குள் ஒளிகிறோம். கூச்சம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

---

பழைய கல்லா

தம்பி, நீங்கள் எழுதினதை வீட்டில் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் பேர் எழுதட்டும், நான் அப்புறம் வருகிறேன்.

---

புதுச்சாவி

இங்க எல்லாரும் விட்டுட்டுப் போனவங்களா இருக்கீங்க. நான் வாங்கினவன். அடி வாங்கிறதுக்குத் தயாரா எழுதுறேன்.

ஓடிட்டு இருந்த உணவகத்தை வாங்கினேன். பழைய முதலாளி பெரிய மனுஷர், மரியாதையில குறை வைக்கல. ஆனா தினமும் வந்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னு வாசல் பக்கத்து டேபிள்ல உக்காருவார். என் சப்ளையர் பசங்க எல்லாம் அவர் காலத்துப் பசங்க. புது ஆள் நான் ஒண்ணு சொன்னா அவர் முகத்தைப் பாப்பாங்க, அவர் லேசாத் தலையாட்டினாதான் வேலை நடக்கும். வாடிக்கையாளர் எங்கிட்ட சொல்ல வேண்டிய குறையை என் கண்ணு முன்னாலயே அவர்கிட்ட சொல்லுவாங்க. "முந்தி மாதிரி இல்லண்ணே." அவரும் "நான் சொல்றேன்"னுவார்.

ஒரு நாள் உப்பு கம்மின்னு யாரோ சொல்ல, அவர் எழுந்து நேரா அடுப்பங்கரைக்குள்ள போய் மாஸ்டரைக் கேள்வி கேட்டார். மத்தியானக் கூட்ட நேரம். நான் கல்லாவுல உக்காந்து சில்லறை எண்ணிட்டு இருந்தேன். எங்க கடையில எனக்கே விருந்தாளி மாதிரி இருந்துச்சு.

எப்படிச் சொல்றது? சொன்னா, "அந்தப் பெரியவரையே வர வேணாம்னுட்டானாம்"னு தெரு பூரா பரவும். சொல்லாட்டி, நான் முதலாளி ஆகவே முடியாது. எட்டு மாசம் பல்லைக் கடிச்சேன். கடைசியில அவர் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல. அதுவும் எனக்கு நல்லா இல்ல, உண்மையைச் சொன்னா. வாசல் டேபிள் காலியா இருந்தா இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

அதனால கேக்கிறவங்களுக்கு: வாங்க, கட்டாயம் வாங்க. கூட்ட நேரத்துல வராதீங்க. கல்லாவைத் தாண்டி உள்ள வராதீங்க. யாராவது உங்ககிட்ட குறை சொன்னா, "அவர்கிட்டயே சொல்லுங்க, நல்லா கவனிப்பார்"னு எங்க பக்கம் கையைக் காட்டுங்க. அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்க எவ்வளவு கடன்பட்டிருப்போம்னு உங்களுக்குத் தெரியாது. அப்புறம், காசு குடுத்துச் சாப்பிடுங்க. நாங்க வேணாம்னுதான் சொல்லுவோம். அப்பவும் குடுங்க. ஓசியில சாப்பிட்டா நீங்க இன்னும் முதலாளி, காசு குடுத்தாதான் இந்தத் தெருக்காரர்.

---

கணக்கன்

புதுச்சாவி சொல்வதன் வேர் பத்திரத்தில் இருக்கிறது. ஓடுகிற உணவகத்தை விற்கும்போது மேஜை நாற்காலி பாத்திரத்துக்கு மட்டும் விலை போடுவதில்லை. குட்வில் என்று ஒரு தொகையும் சேர்கிறது. அது வேறெதுவும் இல்லை, "இந்த ஜனம் இந்தக் கதவுக்குத் திரும்ப வரும்" என்ற எதிர்பார்ப்பின் விலை. அதாவது உறவின் ஒரு பகுதியை நீங்கள் விற்றுவிட்டீர்கள். பெரும்பாலும் கூடவே இத்தனை வருஷம், இத்தனை தூரத்துக்குள் இதே தொழில் செய்யமாட்டேன் என்ற ஷரத்தும் இருக்கும். அது எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், வக்கீலைக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. தொழில் செய்யமாட்டேன் என்றுதான் எழுதிக்கொடுத்தீர்கள். "சௌக்கியமா" என்று கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கவில்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு தெருவையே விட்டு ஓடுகிறார்கள்.

நான் என் கடையைக் கொடுத்தபோது செய்த தப்புகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

கடை போன் நம்பரைக் கடையோடு சேர்த்துக் கொடுத்தேன். அது நியாயம்தான். ஆனால் 400 பேரும் அந்த நம்பரைத்தான் வைத்திருந்தார்கள். என் சொந்த நம்பர் பத்துப் பேரிடம்கூட இல்லை. கைமாற்றுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, வேண்டியவர்களிடம் ஒவ்வொருவராகச் சொந்த நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதியாவது.

பிறகு புத்திசாலித்தனமாக, ஞாபகமிருந்த நம்பர்களை எல்லாம் சேர்த்து வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டேன். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். நான் அனுப்பின பொங்கிவழியும் நன்றிச் செய்தி கிட்டத்தட்ட யாருக்கும் போகவில்லை. காரணம், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். ஒற்றை டிக்கைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா நம்மேல் பாசம்" என்று ஒரு வாரம் நொந்துபோயிருந்தேன். பாசம் இருந்தது, என் நம்பர்தான் அவர்களிடம் இல்லை.

பழைய சிம்மை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு: தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தாவிட்டால் வாட்ஸ்அப் பொதுவாக அந்தக் கணக்கை நீக்கிவிடும். ரீசார்ஜ் செய்யாத நம்பரை நிறுவனம் நாளடைவில் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். என் நண்பர் ஒருவரின் பழைய கடை நம்பரில் இப்போது யாரோ ஒரு கல்லூரிப் பெண் இருக்கிறார். "ஒரு மீல்ஸ் பார்சல்" என்று இன்னும் போன் வருகிறதாம், பாவம்.

கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைப் பக்கத்தை "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று குறிப்பதற்கு முன், அங்கே ஜனம் எழுதின விமர்சனங்களையும் போட்ட படங்களையும் உங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் கடை தொடர்கிறது என்றால் பக்கத்தின் உரிமையைப் புதியவருக்கு முறையாக மாற்றிக்கொடுங்கள். நான் கடவுச்சொல்லை மறந்து, அவர் மூன்று மாதம் கையைப் பிசைந்தார்.

---

தூரத்து விளக்கு

கணக்கன் சார் பிராட்காஸ்டில் நொந்தார், நான் குரூப்பில் நொந்தேன். கடையை மூடிவிட்டு வேறு ஊருக்கு மகன் வீட்டோடு வந்துவிட்டோம். பழைய வாடிக்கையாளர்கள் 212 பேரை வைத்துக் குரூப். முதல் மாதம் திருவிழா. இரண்டாம் மாதம் காலை வணக்கப் படங்கள். நான்காம் மாதம் அரசியல், அதில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வைய, அதில் ஒருவர் என்னிடம் "நீங்க அட்மின்தானே, கேக்க மாட்டீங்களா" என்றார். கடையில் இதே இரண்டு பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிட்டுப் போவார்கள்! ஒரே அறையில் இருந்தாலும் ஒருவரோடு ஒருவர் பேசத் தேவையில்லாமல் இருந்ததுதான் கடையின் சுகம் என்று அப்போதுதான் புரிந்தது. குரூப்பைக் கலைத்தேன்.

இப்போது ஒரு சின்ன நோட்டு. நாற்பது பெயர். பெயருக்குப் பக்கத்தில் அவருக்கு என்ன தேவை, அவரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. "மாடி போர்ஷன் காலி." "மருமகளுக்குத் தையல் வேலை வேண்டும்." "பிளம்பிங் தெரிந்த தம்பி." கடையில் இருந்தபோது இதை மண்டைக்குள் வைத்திருந்தேன். யாரோ சாப்பிட்டுக்கொண்டே வீடு தேடுவதாகச் சொல்வார், மூன்றாவது டேபிளில் வீட்டுக்காரரே இருப்பார், கையைக் காட்டிவிடுவேன். அது வியாபாரத்தில் சேர்ந்தது என்றே நினைக்கவில்லை. இப்போது அதை மட்டும்தான் செய்கிறேன், 300 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, போனில். போன மாதம் இரண்டு பேருக்கு வீடு அமைந்தது.

---

நூலகத்து மூலை

பந்தி அண்ணன் திட்டினாலும் பரவாயில்லை, இது ஒன்று மட்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதின கட்டுரை அப்படியே தூரத்து விளக்கின் நோட்டைத்தான் பேசுகிறது. வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கனவே தெரிந்திருக்கும், புதுச் செய்தி அடுத்த வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தவர் அப்படிப் பத்து வட்டங்கள் தொட்டுக்கொள்கிற புள்ளி.

இன்னொன்றும் உண்டு. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், எலிசபெத் டன் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு காபிக்கடை வாசலில் செய்த ஆய்வு, 2014இல் வெளியானது. சிலரிடம், காபி கொடுப்பவரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். சிலரிடம், காரியத்தை முடித்துக்கொண்டு சட்டென்று வாருங்கள் என்றார்கள். பேசிவிட்டு வந்தவர்கள் கூடுதல் சந்தோஷமாகவும், ஊரோடு ஒட்டியிருப்பது போலவும் உணர்ந்தார்கள். கல்லா ஐயா அந்த இரண்டு வார்த்தையை ஒரு நாளைக்கு இருநூறு தடவை வாங்கிக்கொண்டிருந்தவர். சட்டென்று பூஜ்யம். முழங்கால் மட்டுமா வலிக்கும்?

---

முதலாளி மக

இப்பதான் நேரம் கிடைச்சுது. எல்லாரும் வாடிக்கையாளர், வாடிக்கையாளர்ன்னே பேசுறீங்க. வேலை பாத்தவங்க எங்க?

எங்க அப்பா கடையை விட்டப்ப நான் கல்லூரியில இருந்தேன். தெருக்காரங்க அப்பாவை விசாரிச்சதைவிட எங்க சப்ளையர் அண்ணனை விசாரிச்சதுதான் அதிகம். யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குத் தண்ணி வெதுவெதுன்னு வேணும், யார் மாசக் கடைசியில பாதி அளவு போதும்னு கூச்சத்தோட சொல்லுவாங்க, எல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. பாத்திரம் கழுவின அக்கா பதினாலு வருஷம் அதே தெருவுல குடியிருந்தவங்க. அந்தத் தெருவுக்கும் கடைக்கும் நடுவுல உண்மையான பாலம் அவங்கதான்.

அப்பா ஒரு காரியம் பண்ணினார். வேலை பாத்த அஞ்சு பேருக்கும் அடுத்த வேலை உறுதியான பிறகுதான் பத்திரத்துல கையெழுத்துப் போட்டார். மூணு பேர் புது முதலாளிகிட்டயே, ரெண்டு பேர் வெளியில. அதுக்கப்புறம் அப்பா அந்தத் தெருவுக்குப் போனதே குறைச்சல். ஆனா தெருவுல நடக்கிறதெல்லாம் எங்க வீட்டுக்கு அன்னைக்குச் சாயங்காலமே வந்து சேரும். அந்த அண்ணன் வேலை முடிச்சுட்டு எங்க வீட்டுத் திண்ணையில கால் மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போவார். பொண்ணைக் கட்டிக்கொடுத்தது, பிடிக்காம வீட்டைக் காலி பண்ணினது, யாரு ஆஸ்பத்திரியில, எல்லாம். அப்பா படுக்கையில இருந்த கடைசி நாலு மாசமும் இந்தச் செய்தி நிக்கல.

கடையை விக்கிறப்ப வேலைக்காரங்களை நடுத்தெருவுல விட்டுட்டு, அப்புறம் "என் சமூகம், என் தெரு"ன்னு உருகுறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். உங்களைச் சொல்லல கல்லா ஐயா. பொதுவாச் சொல்றேன்.

---

ரெண்டாம் பந்தி

சரி. நான் ஒண்ணு ஒத்துக்கணும்.

அந்தப் பக்கம் போகலைன்னு எழுதினேன்ல. தெருவுக்குத்தான் போகல. காலையில அஞ்சு மணிக்குக் காய்கறி போட வருவார் ஒருத்தர், 9 வருஷமா வாரம் தவறாம அவரோட பேசிட்டுத்தான் இருக்கேன். கேஸ் சிலிண்டர் போட்ட தம்பி அவன் வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் கூப்பிடுவான், போவேன். பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தவர் எனக்கு இன்னும் சதுரங்கத்துல நாலு ஆட்டம் பாக்கி.

இவங்களோட மட்டும் எனக்குக் கூச்சமே வரல. ஏன்னு இந்த இழையைப் படிச்சப்பதான் யோசிச்சேன். இவங்களுக்கு நான் எப்பவும் பரிமாறினதில்ல. எங்க நடுவுல தட்டு இல்ல. ஷட்டர் பாதி ஏறினப்ப வர்றவங்க, அழுக்கு லுங்கியோட என்னைப் பாத்தவங்க.

கல்லா அண்ணே, அஞ்சு மணி ஆளுங்கள்லேர்ந்து ஆரம்பிங்க. சாப்பாட்டு நேரத்து ஆளுங்க அப்புறம்.

---

பழைய கல்லா

எல்லாருக்கும் பதில் போடத் தாமதமாகிவிட்டது. புதுச்சாவி எழுதினதைப் படித்ததும் இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

முதல் பதிவில் ஒன்றை மறைத்தேன். கைமாற்றின இரண்டாவது வாரம் நான் போனேன். சும்மாதான். உள்ளே நுழைந்ததும் ஒரு நாற்காலி கோணலாக இருந்தது, நேராக்கினேன். அடுத்ததையும் நேராக்கினேன். கை தானாகப் போனது. ஓரத்தில் ஒரு டேபிளில் தண்ணீர் சிந்தியிருந்தது. துணியை எடுக்க நேராக உள்ளே போய்விட்டேன், துணி எங்கே தொங்கும் என்று எனக்குத் தெரியுமே. அங்கே துணி இல்லை, இடத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். "துணி எங்கடா" என்று சத்தம் போட்டேன். திரும்பினால் புதியவர் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அவரே துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. நான் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது அந்த முகத்துக்காகத்தான். ஜனத்தைப் பார்க்கக் கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதிப் பொய்.

---

புதுச்சாவி

ஐயா, துணியைக் கையில் குடுத்தார்னா அவர் கோபப்படல. அவர் வேற என்ன பண்றதுன்னு தெரியாம நின்னிருப்பார். நான் நின்னிருக்கேன், அதான் சொல்றேன். போங்க. மூணரை மணிக்குப் போங்க, அப்ப கடை ஈ ஓட்டும்.

---

பழைய கல்லா (16 நாள் கழித்து)

போனேன். செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி. முன்னதாகப் பந்தி தம்பி சொன்னபடி காய்கறிக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர்தான் "வாங்கண்ணே, நானும் அந்தப் பக்கம்தான்" என்று தெருமுனையில் காத்திருந்தார். சரியான நிறுத்தத்தில் இறங்கினேன்.

புதியவர் எழுந்து நின்றார். "உக்காருங்க, நான் சாப்பிட வந்தேன்" என்றேன். சுவர் ஓரமாக இடம். ஒரு நாற்காலி கோணலாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நேரத்தில் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. பத்திரிகையைப் பிரித்தார். மடக்கினார். மறுபடி பார்த்தார். "நீங்களா!" என்றார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, "ஏன் சார், நீங்க இவ்வளவு குள்ளமா?" என்று கேட்டார்.

எங்கள் கல்லா ஒரு அடி உயர மேடைமேல் இருந்தது. கடை முழுக்கக் கண்ணில் படவேண்டும் என்று நானே கட்டினது. இத்தனை வருஷமாக அந்த மனுஷர் என்னை அண்ணாந்து பார்த்துத்தான் பேசியிருக்கிறார், எனக்கு இது தோன்றினதே இல்லை. நேருக்கு நேர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் பெயரையும் சொன்னார். முக்கால் மணி நேரம் பேசினோம், முழங்காலைப் பற்றித்தான் பாதி. அவருக்கும் இடது கால்.

அடுத்த செவ்வாயும் அதே நேரம் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து, எல்லாரிடமும் கையை ஆட்டிவிட்டு, தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னால் "ஐயா, ஐயா" என்று சத்தம். சப்ளையர் பையன் மூச்சிரைக்க ஓடி வருகிறான், கையில் பில்.

---

ரெண்டாம் பந்தி

17 வருஷத்துல இப்படி எத்தனை பேர் பின்னால பையனை ஓட விட்டிருப்பீங்க!